விண்ணின் இலத்திரன்களை எண்ணிய வரலாறு: நிலத்தளவையும் செய்மதியளவையும்

கண்ணுக்குப் புலனாகாத ஒரு பொருளை அளத்தல் அரிது. அளந்த அளவு சரியானதே என்று நிறுவுதல் அதனினும் அரிது. ஒரே பொருளை இருவர் இரு வேறு கருவிகளால் அளந்து ஒரே விடையைப் பெறுவாராயின் நமது ஐயம் நீங்குகின்றது. விடைகள் வேறுபடுமாயின், பிழை செய்தவர் யார் என்னும் வினா எழுகின்றது. சிலவேளைகளில் இருவருமே பிழை செய்திலர், அவர்கள் அளந்த பொருள்களே வேறானவை என்பது பின்னர்த் தெரியவருகின்றது. நமது தலைக்கு மேலேயுள்ள அயன்மண்டலத்தின் இலத்திரன்களை எண்ணுவதற்கு மனிதர் ஒரு நூற்றாண்டு காலமாகச் செய்துவந்த முயற்சியிலே இம்மூன்று நிலைமைகளையும் காணலாம். அம்முயற்சியின் வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அயன்மண்டலம் அறியப்பட்ட வரலாறு

ஞாயிற்றிலிருந்து வரும் ஊதாக்கடந்த கதிர்களும் எக்ஸ் கதிர்களும் உயர்ந்த வளிமண்டலத்திலுள்ள அணுக்களையும் மூலக்கூறுகளையும் தாக்கி, அவற்றிலிருந்து இலத்திரன்களைப் பிரித்துவிடுகின்றன. இவ்வாறு பிரிந்த இலத்திரன்களும் அயன்களும் நிறைந்த பகுதியே அயன்மண்டலம். நிலத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீற்றர் உயரத்திலே தொடங்கும் இப்பகுதியில், 250 முதல் 400 கிலோமீற்றர் வரையுள்ள உயரத்திலே இலத்திரன்களின் செறிவு உச்சத்தை அடைகின்றது. பகற்பொழுதில் அவ்வுச்சியிலே ஒரு கனமீற்றருக்கு 10¹² அளவிலே இலத்திரன்கள் உள. அதற்குமேற் செறிவு சிறிது சிறிதாகக் குறைந்துசெல்லும்.

இத்தகைய மின்கடத்தும் பகுதியொன்று மேலே இருத்தல் வேண்டும் என்று 1882ஆம் ஆண்டிலேயே பல்பூர் ஸ்ருவாட் என்னும் அறிஞர் கருதினார். புவிக்காந்தத்தில் நாள்தோறும் நிகழும் சிறு மாற்றங்களுக்கு அவர் அதனைக் காரணமாகக் கூறினார். 1901ஆம் ஆண்டு திசெம்பர் 12ஆம் நாள், இங்கிலாந்தின் போல்டூ நிலையத்திலிருந்து அனுப்பிய சமிக்கையை அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பால் நியூபவுண்ட்லாந்திலே தாம் கேட்டதாக மாக்கோனி அறிவித்தபோது, நேர்கோட்டிற் செல்லும் அலை உருண்டைப் புவியின் வளைவைக் கடந்தது எவ்வாறு என்னும் வினா எழுந்தது. அடுத்த ஆண்டிலே அமெரிக்காவில் கெனலி என்பவரும் இங்கிலாந்தில் ஹெவிசைட் என்பவரும், மேலேயுள்ள மின்கடத்தும் படையொன்று அலைகளைத் திருப்பி அனுப்புகின்றது என்று தனித்தனியே கூறினர்.

இக்கூற்று இருபதாண்டுகளுக்கு மேலாகக் கருதுகோளாகவே இருந்தது. 1924ஆம் ஆண்டு திசெம்பர் மாதத்திலே அப்பிள்ரன் என்பவரும் பாணெற் என்பவரும் போண்மத் ஒலிபரப்பு நிலையத்தின் அலைநீளத்தைச் சிறிது சிறிதாக மாற்றச் செய்து, ஒக்ஸ்போட்டிலே அவ்வலையைப் பெற்று ஆராய்ந்தனர். நிலத்து வழியாக வந்த அலையும் மேலிருந்து தெறித்து வந்த அலையும் ஒன்றையொன்று மாறிமாறி வலுப்படுத்தியும் மெலிவித்தும் நின்றன. அம்மாற்றங்களை எண்ணி, தெறிக்கும் படை ஏறத்தாழ 90 கிலோமீற்றர் உயரத்தில் உள்ளது எனக் கணித்தனர். பின்னர் அதற்கு மேலே செறிவு மிக்க மற்றொரு படையும் இருத்தலை அப்பிள்ரன் கண்டார். இவையே இன்று ஈ-படை, எஃப்-படை என வழங்குவன. இவ்வாராய்ச்சிகளுக்காக 1947ஆம் ஆண்டிலே அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

நிலத்திலிருந்து நோக்கும் முறையும் அதன் எல்லையும்

1925ஆம் ஆண்டிலே வாஷிங்ரனில் பிறெயிற், ரூவ் என்னும் இருவர் வேறொரு முறையைக் கையாண்டனர். குறுகிய வானொலித் துடிப்புகளை மேல்நோக்கி அனுப்பி, அவை தெறித்து மீள்வதற்கு எடுக்கும் நேரத்தை அளந்தனர். கிணற்றின் ஆழத்தை எதிரொலியால் அறிதல் போன்றது இம்முறை. பின்னாளில் உலகெங்கும் நிறுவப்பட்ட அயன்மண்டல ஒலிமானிகள் யாவும் இம்முறையின் வழிவந்தனவே.

இலத்திரன் செறிவு மிகமிக உயர்ந்த மீடிறனுடைய அலையும் தெறிக்கப்படும். ஒரு கனமீற்றரிலுள்ள இலத்திரன்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை 9 ஆற் பெருக்கினால், அச்செறிவினாலே தெறிக்கப்படும் மீடிறன் செக்கனுக்கு இத்தனை அதிர்வு எனக் கிடைக்கும். 10¹² இலத்திரன்கள் உள்ள இடம் 9 மெகாஹேட்ஸ் அலையைத் திருப்பி அனுப்பும். மீடிறனைப் படிப்படியாக உயர்த்திச் செல்லும்போது எந்த மீடிறனிலே எதிரொலி மறைகின்றதோ, அதுவே அவதி மீடிறன். அதிலிருந்து உச்சச் செறிவு கணக்கிடப்படுகின்றது.

இம்முறையின் சிறப்பு எதுவோ அதுவே அதன் குறையுமாகும். உச்சச் செறிவைத் திட்டமாகக் காட்டும் ஒலிமானி, உச்சிக்கு மேலேயுள்ளது எதனையும் காட்டமாட்டாது. அவதி மீடிறனிலும் உயர்ந்த அலை உச்சியைக் கடந்து விண்வெளிக்குச் சென்றுவிடும். தாழ்ந்த அலை உச்சியை அடையுமுன்பே திரும்பிவிடும். மலையின் ஒரு பக்கத்தில் நிற்பவனுக்கு அதன் சிகரமும் இப்பக்கச் சரிவுமே தெரியும். மறுபக்கம் செங்குத்தானதோ, நெடுந்தூரம் நீண்டு சரிவதோ, அவன் அறியான். 1931ஆம் ஆண்டிலே சிட்னி சப்மன் வகுத்த கொள்கையைக்கொண்டு மேற்பகுதியின் உருவத்தை ஊகித்தனர். எனினும் ஊகம் அளவையாகாது.

நிலத்திலிருந்து வான்வரை நிற்கும் ஒரு சதுரமீற்றர் அடித்தளமுடைய தூணொன்றைக் கற்பனை செய்துகொள்வோம். அத்தூணிலுள்ள இலத்திரன்கள் அனைத்தின் எண்ணிக்கையே மொத்த இலத்திரன் உள்ளடக்கம் எனப்படுவது. ஒரு சதுரமீற்றருக்கு 10¹⁶ இலத்திரன்களை ஓர் அலகாகக் கொள்வது இன்றைய வழக்கு. இரவிலே சில அலகுகளாக இருக்கும் இவ்வுள்ளடக்கம், ஞாயிற்றுப் புள்ளிகள் மிகுந்த ஆண்டுகளில் நண்பகலுக்குப் பின் வெப்பவலயத்தில் நூறு அலகைக் கடப்பதும் உண்டு. இம்மொத்தத்தை ஒலிமானி ஒன்றினால் மட்டும் அறிதல் இயலாததாயிற்று.

சந்திரனிலிருந்து வந்த எதிரொலி

செய்மதிகள் தோன்றுவதற்கு முன்னரே இயற்கைச் செய்மதியாகிய சந்திரன் இவ்வகையில் உதவியது. 1946ஆம் ஆண்டு சனவரி 10ஆம் நாள் ஐக்கிய அமெரிக்காவின் இராணுவப் பொறியியலாளர் 111.5 மெகாஹேட்ஸ் றேடார் அலையைச் சந்திரனுக்கு அனுப்பி, ஏறத்தாழ இரண்டரைச் செக்கனில் எதிரொலியைப் பெற்றனர். அவுஸ்திரேலியாவிலே கேர், ஷெயின் என்போர் சந்திர எதிரொலிகளைத் தொடர்ந்து ஆராய்ந்தபோது, அவை விரைவாக மங்குவதோடு, வேறொரு வகையில் மெதுவாகவும் மங்கித் தெளிவதைக் கண்டனர்.

மெதுவான மங்கலின் காரணத்தை 1954ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் ஜோட்ரல் பாங்க் நிலையத்தைச் சேர்ந்த மறே, ஹாகிறீவ்ஸ் என்னும் இருவர் விளக்கினர். காந்தப்புலத்திலுள்ள பொருளின் ஊடாக ஒளி செல்லும்போது அதன் முனைவாக்கத் தளம் சுழலும் என 1845ஆம் ஆண்டிலே மைக்கேல் பரடே கண்டறிந்திருந்தார். புவியின் காந்தப்புலத்திலே மிதக்கும் இலத்திரன்களும் வானொலி அலையின் தளத்தை அவ்வாறே சுழற்றுகின்றன. சுழன்று மீண்ட அலையின் தளம் அலைவாங்கியின் தளத்தோடு பொருந்தும்போது எதிரொலி வலுப்பெறும். குறுக்காக அமையும்போது மங்கும். ஆகவே ஒரு காலத்தில் தொல்லையாகக் கருதப்பட்ட மங்கலே இலத்திரன்களை எண்ணும் கருவியாயிற்று. ஜோட்ரல் பாங்க் ஆராய்ச்சியாளர் 1956, 1957ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட முடிவுகளாற் பெரியதோர் உண்மை புலனாயிற்று. உச்சிக்குக் கீழே உள்ளனவற்றிலும் பார்க்க உச்சிக்கு மேலே உள்ள இலத்திரன்கள் மிகப் பலவாகும். அதுகாறும் ஒலிமானிகள் கண்டது அயன்மண்டலத்தின் சிறுபகுதியையே.

செய்மதிகளின் வருகை

1957ஆம் ஆண்டு ஒற்றோபர் 4ஆம் நாள் சோவியத்து நாடு முதலாவது ஸ்புட்னிக்கை ஏவியது. 20.005, 40.002 மெகாஹேட்ஸ் என்னும் இரு மீடிறன்களில் அது ஒலித்த சமிக்கை மூன்று வாரங்களுக்கு உலகெங்கும் கேட்டது. பொதுமக்களுக்கு அது வியப்பாக இருந்தது. அயன்மண்டல ஆராய்ச்சியாளருக்கோ, அயன்மண்டலத்தின் மேற்பகுதியிலிருந்து கீழ்நோக்கி வரும் அலை முதன்முதலாகக் கிடைத்த வாய்ப்பாக அமைந்தது. முனைவாக்கச் சுழற்சி, இரு மீடிறன்களின் தொப்ளர் மாற்றத்திடையே காணும் வேறுபாடு என்னும் இரு வழிகளிலும் அதன் சமிக்கையிலிருந்து இலத்திரன் அளவைக் கணித்தனர். 1958ஆம் ஆண்டு மே மாதம் ஏவப்பட்ட மூன்றாவது ஸ்புட்னிக்கின் சமிக்கைகளை ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்திலே ஆராய்ந்தவர் ஓவன் கரியற் என்னும் இளைஞர். அவரே பின்னர் 1973ஆம் ஆண்டிலே ஸ்கைலாப் விண்கலத்திற் சென்று 59 நாள் வாழ்ந்தவர்.

ஆயினும் இவ்வளவைகளும் குறையற்றனவல்ல. நீள்வட்டப் பாதையிற் செல்லும் செய்மதி ஒருபொழுது உச்சிக்கு அண்மையிலும் ஒருபொழுது அதற்கு வெகு மேலேயும் இருக்கும். ஆதலின் நாம் எண்ணுவது செய்மதிக்குக் கீழேயுள்ள பகுதியை மட்டுமே. அன்றியும் செய்மதி சில நிமிடங்களிலே தொடுவானிலிருந்து தொடுவான்வரை சென்றுவிடுவதால், அளவு மாறியது காலத்தாலோ இடத்தாலோ எனப் பிரித்தறிதல் கடினமாயிற்று. இவ்விடர்களைக் குறைக்கும்பொருட்டே 1964ஆம் ஆண்டு ஒற்றோபரிலே எக்ஸ்புளோரர் 22 என்னும் செய்மதி, 20, 40, 41, 360 மெகாஹேட்ஸ் மீடிறன்களிற் சமிக்கை அனுப்பும் கருவிகளுடன் ஏவப்பட்டது. மிக எளிய அலைவாங்கி ஒன்றிருந்தாலே எந்நாட்டுப் பல்கலைக்கழகமும் இவ்வாராய்ச்சியிற் பங்குகொள்ளலாம் என்பது இதனாற் கிடைத்த பெரும் பேறாகும்.

மேலிருந்து நோக்கிய செய்மதி

இதற்கிடையே கனடா நாட்டு அறிஞர், ஒலிமானியையே உச்சிக்கு மேலே கொண்டுசென்று கீழ்நோக்கித் துடிப்புகளை அனுப்பினால் என்ன என்று எண்ணினர். அவ்வெண்ணத்தின் பயனாக அலூவெற் 1 என்னும் செய்மதி 1962ஆம் ஆண்டு செத்தெம்பர் 29ஆம் நாள் ஏறத்தாழ 1000 கிலோமீற்றர் உயரத்திலே நிலைநிறுத்தப்பட்டது. சோவியத்து நாட்டையும் ஐக்கிய அமெரிக்காவையும் அடுத்துத் தானே செய்மதியை வகுத்து அமைத்த நாடு என்னும் பெருமை இதனாற் கனடாவுக்குக் கிடைத்தது. பத்து ஆண்டுகள் பணிபுரிந்த பின்னரே அதன் இயக்கம் நிறுத்தப்பட்டது.

நிலத்து அளவையும் செய்மதி அளவையும் நேருக்குநேர் சந்தித்த இடம் இதுவேயாகும். நிலத்து ஒலிமானி கீழ்ச்சரிவையும் சிகரத்தையும் காட்டும். அலூவெற் மேற்சரிவையும் சிகரத்தையும் காட்டும். சிகரம் இரண்டுக்கும் பொதுவானது. செய்மதி ஒரு நிலையத்துக்கு மேலாகச் செல்லும்போது இரண்டும் ஒரே அவதி மீடிறனைத் தருதல் வேண்டும். அவ்வாறே இரண்டும் பெரிதும் ஒத்துநின்றன. மலையின் இரு பக்கங்களிலும் நின்ற இருவர் ஒரே சிகரத்தைக் கண்டனர் என்பது உறுதியாயிற்று. அதன்பின் இரு சரிவுகளையும் இணைத்து மலையின் முழு உருவத்தையும் வரைய முடிந்தது.

வெப்பவலயத்தவராகிய நமக்குச் சிறப்பாக உரிய செய்தியொன்றும் ஈண்டுக் குறிப்பிடற்பாலது. ஞாயிறு நேராகக் காயும் நடுக்கோட்டுப் பகுதியிலேயே இலத்திரன்கள் மிகுதியாக இருத்தல் வேண்டும் என நாம் எதிர்பார்ப்போம். ஆனால் காந்த நடுக்கோட்டிலே பள்ளமும் அதன் வடக்கிலும் தெற்கிலும் இரு முகடுகளும் உள்ளன என்பதை 1946ஆம் ஆண்டிலே அப்பிள்ரன் எடுத்துக்காட்டினார். பகற்பொழுதிற் காந்த நடுக்கோட்டின்மேல் உயர்த்தப்படும் இலத்திரன்கள், ஊற்றுநீர் எழுந்து இருபுறமும் வீழ்வது போலக் காந்தக் கோடுகளின் வழியே இருமருங்கும் இறங்குவதே இதற்குக் காரணம். அலூவெற்றிலிருந்து சிங்கப்பூரிலே பெறப்பட்ட பதிவுகள், இம்முகடுகள் காந்தக் கோடுகளின் வளைவை ஒட்டியே அமைதலை மேலிருந்து காட்டின. அக்காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையையும் இலங்கையையும் அணுகிச் செல்கின்றது. 1963ஆம் ஆண்டிலே தும்பாவில் உந்துகணை ஏவுதளம் அமைந்ததற்கும் இதுவே காரணம்.

வேறுபாட்டிலிருந்து பிறந்த அறிவு

புவியின் சுழற்சியோடு ஒத்துச் சுற்றும் செய்மதிகள் 1960களிலே தோன்றின. 1964ஆம் ஆண்டு ஏவப்பட்ட சின்கொம் 3 போன்றவை ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் ஒரே திசையில் நின்று இரவும் பகலும் சமிக்கை அனுப்பின. இவற்றின் முனைவாக்கச் சுழற்சியைப் பல நிலையங்கள் ஆண்டுக்கணக்காகப் பதிந்தன. ஆனால் ஓர் உண்மையை மறத்தலாகாது. சுழற்சியின் அளவு இலத்திரன்களை மட்டுமன்றி அவை இருக்குமிடத்துக் காந்தப்புலத்தையும் பொறுத்தது. உயரஞ் செல்லச்செல்லக் காந்தப்புலம் மெலிவதால், ஏறத்தாழ 2000 கிலோமீற்றருக்கு மேலுள்ள இலத்திரன்கள் இவ்வளவையிற் பெரும்பாலும் இடம்பெறா. எனவே 36,000 கிலோமீற்றரிலிருந்து வந்த அலையாயினும் அது உரைப்பது முதல் 2000 கிலோமீற்றரின் கதையையே.

அதற்கு மேலேயும் இலத்திரன்கள் உள என்பது 1953ஆம் ஆண்டிலேயே அறியப்பட்டது. மின்னலிலிருந்து எழும் அலைகள் காந்தக் கோடுகளின் வழியே நெடுந்தூரம் சென்று, புவியின் மறுபாதியிலே சீழ்க்கையொலிபோலக் கேட்பதை ஆராய்ந்த கேம்பிறிட்ஜ் மாணவராகிய ஸ்ரோறி, பல்லாயிரம் கிலோமீற்றர் உயரத்திலும் ஒரு கனசென்ரிமீற்றருக்கு நூற்றுக்கணக்கான இலத்திரன்கள் உள எனக் கணித்தார். அக்காலத்தில் எவரும் எதிர்பாராத இம்முடிவு, செய்மதி யாதுமின்றி நிலத்திலிருந்து செவியாற் கேட்டே பெறப்பட்டது என்பது சிந்தித்தற்குரியது. அப்பகுதி இன்று பிளாஸ்மாக்கோளம் என வழங்குகின்றது.

அப்பகுதியையும் சேர்த்து எண்ணும் வாய்ப்பு 1974ஆம் ஆண்டு மே மாதம் ஏவப்பட்ட ஏ.ரீ.எஸ். 6 என்னும் செய்மதியினாற் கிடைத்தது. வெவ்வேறு மீடிறனுடைய சமிக்கைகள் வந்துசேரும் நேரத்திலுள்ள வேறுபாட்டை இதனால் அளக்கலாம். இத்தாமதம் காந்தப்புலத்தைப் பொறுத்ததன்று. வழியிலுள்ள ஒவ்வோர் இலத்திரனையும் ஒரே சீராக எண்ணும். இந்தியக் கிராமங்களுக்குத் தொலைக்காட்சிக் கல்வி புகட்டும் பரிசோதனைக்காக 1975ஆம் ஆண்டிலே இச்செய்மதி கிழக்கு நெடுங்கோடு 35 பாகைக்கு நகர்த்தப்பட்டபோது, அதன் சமிக்கைகள் நீலகிரியிலுள்ள உதகமண்டலத்திலே பெறப்பட்டு ஆராயப்பட்டன. காந்தக் கோடுகளுக்கு அலை ஏறத்தாழக் குறுக்காகச் செல்லும் அவ்விடத்திற் சுழற்சி சிறிதாகவே அமையும். எளிய சூத்திரமும் ஐயத்துக்கிடமாகும். ஆதலின் தாமத அளவையின் தேவை அங்கே மிகுதியாயிற்று.

இச்செய்மதியின் சுழற்சி அளவையும் தாமத அளவையும் ஒருபோதும் முற்றாக ஒத்ததில்லை. தாமத அளவை எப்பொழுதும் பெரிதாகவே இருக்கும். அவ்வேறுபாடு கருவியின் பிழையன்று. அதுவே பிளாஸ்மாக்கோளத்தின் உள்ளடக்கமாகும். பகலிலே மொத்தத்திற் சிறுபகுதியாகும் அது, கீழ்ப்பகுதி மெலியும் இரவிலே மிகப் பெரும் பங்காகிவிடும். இரு சாட்சிகளின் முரண்பாடு தானே புதியதோர் உண்மைக்குச் சாட்சியாக நின்றது.

இடநிர்ணயச் செய்மதிகளும் கடல்மட்டமானியும்

1978ஆம் ஆண்டு முதலாக ஏவப்பட்ட ஜீ.பீ.எஸ். என்னும் இடநிர்ணயச் செய்மதிகள் 20,200 கிலோமீற்றர் உயரத்திலிருந்து 1575.42, 1227.60 மெகாஹேட்ஸ் மீடிறன்களிற் சமிக்கை அனுப்புகின்றன. முந்திய மீடிறனிலே ஓர் அலகு இலத்திரன் உள்ளடக்கம் 16 சென்ரிமீற்றர் பிழையை விளைக்கும். நூறு அலகாயின் பிழை 16 மீற்றராகும். இதனால் இலத்திரனை எண்ணுதல் ஆராய்ச்சியாளரின் ஆவலாக மட்டுமன்றி, மாலுமிக்கும் விமானிக்கும் நில அளவையாளருக்கும் வேண்டிய தேவையுமாயிற்று. உலகெங்குமுள்ள நிலையங்களின் அளவுகளைத் தொகுத்து, முழு உலகுக்கும் இலத்திரன் படம் வரையும் பணி 1998ஆம் ஆண்டு முதல் ஒழுங்காக நடைபெற்றுவருகின்றது.

இவ்வளவையிலும் ஓர் இடர் உண்டு. செய்மதியின் கருவியும் நிலத்து அலைவாங்கியும் தம்முள்ளேயே இரு மீடிறன்களுக்கும் சிறிது வேறான தாமதத்தை உண்டாக்குகின்றன. ஒரு செக்கனின் நூறுகோடியில் ஒரு பங்கு தவறினால் விடையில் ஏறத்தாழ மூன்று அலகு தவறிவிடும். இதனைத் திருத்தாதுவிடின், நள்ளிரவிலே இலத்திரன்களின் எண்ணிக்கை பூச்சியத்திலும் குறைந்தது என்னும் பொருந்தா விடையும் வரக்கூடும். அன்றியும் சாய்வாக வரும் அலையின் அளவை நேர்த்தூணின் அளவாக மாற்றும்போது, இலத்திரன்கள் யாவும் 450 கிலோமீற்றர் போன்றதோர் உயரத்தில் மெல்லிய தகடாக உள்ளன எனக் கொள்கின்றனர். அது வசதிக்காகக் கொண்ட கருத்தேயன்றி இயற்கையின் நிலையன்று.

இப்படங்களைச் சோதித்தற்கு எதிர்பாராத இடத்திலிருந்து சான்று கிடைத்தது. 1992ஆம் ஆண்டு ஓகஸ்ற் 10ஆம் நாள் அமெரிக்காவும் பிரான்சும் சேர்ந்து ஏவிய ரோபெக்ஸ் பொசைடன் செய்மதி, 1336 கிலோமீற்றர் உயரத்திலிருந்து கடல்மட்டத்தை அளப்பதற்காக அமைந்தது. 13.6, 5.3 ஜிகாஹேட்ஸ் என்னும் இரு மீடிறன்களில் அது அனுப்பிய றேடார்த் துடிப்புகள் கடல்நீரிலே தெறித்து மீண்டன. இரண்டின் தாமத வேறுபாட்டிலிருந்து நேர்கீழேயுள்ள தூணின் இலத்திரன் அளவு கிடைத்தது. கடலின்மேல் நிலத்து நிலையங்கள் இல்லை; அங்கே படங்கள் காட்டுவது அயலிடங்களைக்கொண்டு நிரப்பிய மதிப்பையே. கடல்மட்டமானியோ அங்கே நேராக அளந்தது.

20,200 கிலோமீற்றர்வரை எண்ணும் அளவை, 1336 கிலோமீற்றர்வரை எண்ணும் அளவையிலும் பெரிதாக இருத்தல் வேண்டும். ஆனால் ஒப்பிட்டோர் பல இடங்களிலே கடல்மட்டமானியின் அளவே சில அலகுகள் மிகுந்திருக்கக் கண்டனர். பகுதி முழுமையிலும் பெரிதாதல் இயலாது. ஆகவே இம்முறை வேறுபாட்டின் காரணம் இயற்கையன்று. கருவிகளின் உள்தாமதமும், அலைகொந்தளிக்கும் கடற்பரப்பின் இயல்பும், மெல்லிய தகடு என்னும் கருத்தும், வெப்பவலய முகடுகளைப் படங்கள் தட்டையாக்கிவிடுதலுமே காரணங்களாக ஆராயப்பட்டன. 2001ஆம் ஆண்டு முதல் ஏவப்பட்ட ஜேசன் வரிசைச் செய்மதிகளாலும் இவ்வொப்பீடு தொடர்ந்தது.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து நாம் அறிவன சில உள. நிலத்து அளவை பழையது, செய்மதி அளவை புதியது, ஆதலின் புதியதே சிறந்தது என்று முடிவுகட்டுதல் தவறாகும். ஒலிமானி உச்சியைத் திட்டமாகச் சொல்லும், மேற்பகுதியைச் சொல்லாது. செய்மதியின் சமிக்கை தொகையைச் சொல்லும். அத்தொகை எவ்வுயரத்தில் எவ்வாறு பரந்துள்ளது என்பதைச் சொல்லாது. இரண்டையும் சேர்த்து, மொத்த உள்ளடக்கத்தை உச்சச் செறிவால் வகுத்தால், அயன்மண்டலத்தின் சமத்தடிப்பு கிடைக்கின்றது. அதிலிருந்து மேற்பகுதியின் வெப்பநிலையையும் உருவத்தையும் பற்றிப் பல செய்திகளை அறியலாம். ஒன்று மற்றொன்றுக்குப் போட்டியன்று, துணையாகும்.

மாணவர் உளங்கொள்ளவேண்டியது இன்னொன்று. இரு அளவைகள் வேறுபட்டபோது ஆராய்ச்சியாளர் ஒன்றைக் கைவிட்டு மற்றொன்றைப் பற்றிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு கருவியும் உண்மையில் எதனை, எவ்வுயரம்வரை, எக்கருத்தை ஆதாரமாகக்கொண்டு எண்ணுகின்றது என வினவினர். ஏ.ரீ.எஸ். 6 செய்மதியின் வேறுபாட்டிலே அவ்வினா இயற்கையின் புதிய உண்மையைக் காட்டியது. ரோபெக்ஸ் ஒப்பீட்டிலே கருவிகளின் குறையைக் காட்டியது. வேறுபாடு இவ்விரண்டில் எதனைச் சேர்ந்தது எனப் பகுத்துணரும் பொறுமையே விஞ்ஞானியின் தலையாய பண்பு. எண்ணிப் பெற்ற விடையோடு நின்றுவிடாது, எதனை எண்ணினோம் என்பதையும் கேட்கும் பழக்கம் நமது ஆய்வுகூடங்களிலும் வேரூன்றுமாக.